நாரி நோவும் ஓட்டமும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில் கோப்பாயைக் கடந்து செல்வோர், நீர்வேலியை அதன் வாழைத் தோட்டங்களைக் கொண்டே அடையாளங் கண்டுகொள்வர். செம்மண்ணும், சுண்ணக்கல்லின் இடுக்குகளில் தங்கி நிற்கும் நன்னீரும், ஓயாத மனித உழைப்பும் கூடி உண்டாக்கிய பசுமை அது. அவ்வுழைப்பின் பெரும்பங்கு ஒரு காலத்தில் கிணற்றடியிலேயே கழிந்தது. ஆடுகால்களுக்கிடையே அச்சுலக்கையில் பொருத்திய துலாவின்மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க, மற்றொருவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலில் ஊற்றுவார். மணிக்கணக்காக அவ்வேலையைச் செய்தவருக்குத் தேகப்பயிற்சி என்று வேறொன்று வேண்டியிருக்கவில்லை.

1950ஆம் ஆண்டுகள் தொடங்கி நீரிறைக்கும் இயந்திரங்கள் குடாநாட்டிற் பரவின. துலா மறைந்தது, பின்னர் துவிச்சக்கர வண்டியின் இடத்தை மோட்டார்ச் சைக்கிள் பிடித்தது. முதுகை முறிக்கும் வேலை குறைந்தது நன்மையே. ஆனால் உண்ணும் சோற்றின் அளவும், பிட்டில் இடும் தேங்காய்ப்பூவின் அளவும், தேநீரிற் கலக்கும் சீனியின் அளவும் அதற்கேற்பக் குறையவில்லை. அதன் விளைவை உடலின் பருமனும் இரத்தத்திலுள்ள சீனியும் காட்டுகின்றன. முன்னாளில் உழைப்போடு உழைப்பாகக் கிடைத்ததை இன்று தனியாக நேரம் ஒதுக்கித் தேடவேண்டியிருக்கிறது. விடியற்காலையில் வீதியோரத்திலும் பாடசாலை மைதானத்திலும் நடப்பவர்களும் ஓடுபவர்களும் அதனைத் தேடியே புறப்படுகின்றனர்.

இவ்வாறு புறப்பட்ட ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வயது நாற்பத்தைந்து, நாள் முழுவதும் அமர்ந்து செய்யும் தொழில். உடல் நிறையைக் குறைக்கும்படி வைத்தியர் கூறிவிட்டார். அவரும் ஊக்கத்தோடு ஓடத் தொடங்குகிறார். முதல் மாதத்திலே இரண்டு கிலோகிராம் குறைகிறது. மகிழ்ச்சியினால் ஓடும் தூரத்தை இரட்டிப்பாக்குகிறார். இரண்டாம் மாதத்தில் இடுப்பின் பக்கத்தில் ஒரு நோ தலைகாட்டுகிறது. முதலில் ஓடி முடிந்தபின் வருகிறது. பிறகு ஓடும்போதே வருகிறது. ஈற்றில் இரவில் அப்பக்கம் சரிந்து படுக்கவும், காலையில் படியேறவும் முடியாதபடி வருத்துகிறது. ஓட்டம் நிற்கிறது, குறைந்த நிறை மீண்டும் ஏறுகிறது, மனம் சோர்கிறது.

இந்நிலையில் அவருக்கு இரண்டு வகையான புத்திமதிகள் கிடைக்கும். “ஓட்டம் உனக்கு ஒத்துக்கொள்ளாது, விட்டுவிட்டுப் பேசாமல் இரு” என்பார் ஒருவர். “நோவைப் பார்த்தால் நிறை குறையுமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஓடு” என்பார் மற்றவர். இவ்விரண்டும் தவறான வழிகளே. ஏன் தவறு என்பதை விளங்கிக்கொள்ள, இடுப்பு மூட்டு எவ்வாறு பாரத்தைத் தாங்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

தொடை எலும்பின் மேல்முனை பந்துபோல் உருண்டு, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற ஒரு குழியிற் பொருந்தியிருக்கிறது. பந்தையும் கிண்ணத்தையும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியுள்ளது. பந்துக்குக் கீழே ஒடுங்கிய கழுத்துப்பகுதியும், அதன் வெளிப்புறத்தில் ஒரு புடைப்பும் உண்டு. இடுப்பின் பக்கத்திற் கையை வைத்து அழுத்தினாற் கடினமாகத் தட்டுப்படுவது அந்தப் புடைப்பே. பிட்டத்தின் பக்கத் தசைகள் இடுப்பெலும்பிலிருந்து இறங்கி, தசைநாண்களாகத் திரண்டு, அப்புடைப்பில் வந்து பற்றிக்கொள்கின்றன.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் உடல் முழுவதும் ஒற்றைக் காலின்மேல் நிற்கிறது. அக்கணத்தில் இடுப்பெலும்பு ஒரு துலாவைப் போலத் தொழிற்படுகிறது. ஊன்றிய காலின் இடுப்பு மூட்டே அச்சுலக்கை. துலாவின் நீண்ட பக்கத்தில் உடலின் பாரம் தொங்குகிறது. குறுகிய பக்கத்திற் பிட்டத் தசை இழுத்துப் பிடிக்கிறது. குறுகிய பக்கத்தைப் பிடிப்பவர், நீண்ட பக்கத்தில் தொங்கும் பாரத்தைவிடப் பலமடங்கு அதிகமாக இழுத்தாலன்றித் துலா சமநிலையில் நில்லாது என்பதைக் கிணற்றடியில் நின்றவர் அனைவரும் அறிவர். பாரமும் இழுப்பும் ஆகிய இரண்டும் சேர்ந்தே அச்சுலக்கையை அழுத்துகின்றன. இந்தக் கணக்கை ஜெர்மானிய வைத்தியரான பவெல்ஸ் 1930ஆம் ஆண்டுகளில் விளக்கினார். பின்னாளில் பெர்லினில், நுண்கருவிகள் பொருத்திய செயற்கை மூட்டுக்களை நோயாளருக்கு வைத்து நேராகவே அளந்து பார்த்தபோது அவர் கூறியது பெரிதும் பொருந்தி வந்தது.

சாதாரண நடையில் இடுப்பு மூட்டின்மேல் விழும் பாரம், உடல் நிறையின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. மெல்லோட்டத்தில் அது நான்கு ஐந்து மடங்காகிறது. 70 கிலோகிராம் நிறையுடையவர் நடக்கும்போது அவருடைய மூட்டு ஏறத்தாழ 175 கிலோகிராமையும், ஓடும்போது 300 கிலோகிராம் அளவையும் அடிதோறும் தாங்குகிறது என்றால் வியப்பாகத் தோன்றலாம். இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று: 5 கிலோகிராம் நிறை குறைந்தால், நடையின் ஒவ்வோர் அடியிலும் மூட்டின்மேல் 12 கிலோகிராம் அளவு பாரம் குறையும். ஆகவே நிறையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் சரியானதே. மற்றொன்று: பிட்டத் தசை வலுவற்றதாயின் துலா ஒருபக்கம் சாயும், தசைநாண் புடைப்பின்மேல் நசுங்கும். பல ஆண்டுகள் அமர்ந்தே இருந்தவர் திடீரென்று ஓடத் தொடங்கும்போது நேர்வது இதுவே. இருதயமும் சுவாசமும் சில வாரங்களில் ஓட்டத்திற்குப் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழகுவதற்குப் பல மாதங்கள் செல்லும். மூச்சு வாங்கவில்லை என்பதை மட்டும் கண்டு தூரத்தைக் கூட்டுபவர், இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்.

யாழ்ப்பாணத்து வழக்கில் ‘நாரி நோ’ என்ற ஒரே பெயர், முதுகின் அடிப்பகுதியிலிருந்து இடுப்பின் பக்கம் வரையுள்ள எல்லா நோவுக்கும் வழங்குகிறது. பேச்சுக்கு அப்பெயர் போதும்; பரிகாரத்திற்குப் போதாது. நோ எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஒற்றை விரலாற் சுட்டிக்காட்டப் பழகுதலே அதனை அறியும் முதற்படி.

இடுப்பின் வெளிப்பக்கத்தில், மேலே கூறிய புடைப்பின்மேல் நோகுமாயின், அது பெரும்பாலும் பிட்டத் தசைநாணின் நோவாகும். அப்பக்கம் சரிந்து படுக்கும்போதும், படியேறும்போதும், ஒற்றைக் காலில் நின்று உடை மாற்றும்போதும் அது கூடும். நாற்பது வயதைக் கடந்தவரிடத்தில், சிறப்பாகப் பெண்களிடத்தில், இது மிகுதியாகக் காணப்படும். வருத்தம் பெரிதாயினும் இவ்வகை அபாயமற்றது. தக்க பயிற்சியினாற் குணமாகக்கூடியது.

தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் நோகுமாயின், மூட்டின் உள்ளேயே கோளாறு இருக்கலாம். குருத்தெலும்பு தேய்ந்த மூட்டு காலையில் விறைத்திருக்கும். சம்மணமிட்டு அமரவும், செருப்பு மாட்டக் குனியவும் இடையூறு செய்யும். இளவயதினரில், பந்தும் கிண்ணமும் ஒன்றோடொன்று இடிபடும் அமைப்பினாலும் இவ்விடத்தில் நோ தோன்றும். திருவலையில் அமர்ந்து தேங்காய் துருவும்போதும், குந்தியிருந்து களை பிடுங்கும்போதும் அது கூடுவது இதற்குரிய குறிப்பாகும்.

பிட்டத்தின் பின்புறத்தில் நோ தோன்றித் தொடை வழியாக முழங்காலுக்குக் கீழும் இறங்குமாயின், கால் விறைப்பும் உடனிருக்குமாயின், அதன் மூலம் இடுப்பிலன்று, முள்ளந்தண்டிலே இருக்கலாம். அதற்குரிய பரிகாரமும் வேறாகும்.

இவை யாவற்றிலும் தவறவிடக்கூடாத ஒன்று, தொடை எலும்பின் கழுத்தில் உண்டாகும் மெல்லிய வெடிப்பு. திரும்பத் திரும்ப விழும் பாரத்தால், எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தைவிடச் சேதம் மிஞ்சும்போது இது நேர்கிறது. ஓட்டத்தைத் திடீரென்று கூட்டியவருக்கும், நிறையைக் குறைக்கும் ஆவலால் உணவை மட்டுமீறிக் குறைத்துக்கொண்டே ஓடுபவருக்கும் இது வரலாம். பெண்களில், போதிய உணவின்மையால் மாதவிடாய் தடைப்படுமாயின் எலும்பும் வலுவிழக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். தொடை மடிப்பில் ஆழ்ந்த நோ, கால் ஊன்றும்போதெல்லாம் கூடுதல், நொண்டி நடத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். தொடக்கத்தில் எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படத்தில் இவ்வெடிப்பு தெரியாமலும் போகலாம். காந்தப் புலத்தைக் கொண்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ. படமே இதைத் தெளிவாகக் காட்டும். கவனியாமல் ஓடினால் வெடிப்பு முறிவாக மாறும். முறிந்த கழுத்துக்கு மேலுள்ள பந்துக்கு இரத்த ஓட்டம் அறுந்து, மூட்டே அழியவும் கூடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும்படி கூறும் புத்திமதி இங்கேதான் பேராபத்தாக முடிகிறது.

ஆகையால், கால் ஊன்ற முடியாமை, விழுந்தபின் தோன்றிய நோ, காய்ச்சலோடு கூடிய நோ, ஓய்விலும் இரவிலும் தணியாத நோ, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். வேறு நோய்க்காக ஸ்டெரொயிட் மருந்தை நெடுநாள் உட்கொண்டவரும், மிகுதியாக மது அருந்துபவரும் தொடை மடிப்பு நோவை அசட்டை செய்யலாகாது; அவர்களுக்குப் பந்தின் எலும்பு இரத்தமின்றி இறந்துபோகும் நோய் வரக்கூடும். நீர்வேலியிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை தொலைவிலில்லை. அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. எண்ணெய் பூசுதலும் வெந்நீர் ஒத்தடமும் தசைநோவை ஆற்றும். ஆனால் முறிவோ வெடிப்போ இல்லை என்பது தெளிவாகுமுன், இடுப்பைத் திருகவோ மிதித்து உருவவோ இடங்கொடுத்தல் தகாது.

அபாயம் இல்லை என்று அறிந்தபின், முதலாவது புத்திமதியாகிய முழு ஓய்வு ஏன் பயன்படுவதில்லை என்ற கேள்வி எழும். தசைநாண் உயிருள்ள பொருள். பாரம் அதற்கு உரமும் ஆகும். மிகுந்தால் அழிவும் ஆகும். வாரக்கணக்கிற் படுத்திருந்தால் நோ தணியும். தசையோ மேலும் மெலியும். மீண்டும் எழுந்து ஓடிய முதல் வாரத்திலேயே பழைய நோ முன்னிலும் விரைவாகத் திரும்பும். வாழைக்கு அளவுக்கு மிஞ்சி நீர் விட்டால் வேர் அழுகும். அதற்கு அஞ்சி இறைப்பையே நிறுத்திவிட்டால் மரம் வாடும். தோட்டக்காரர் செய்வது நீரின் அளவையும் முறைநாளையும் திருத்துவதே.

இடுப்பின் வெளிப்பக்க நோவைக் குறித்து அவுஸ்திரேலியாவில் நடத்தப்பெற்று 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. நோவுள்ள 204 பேர் மூன்று பிரிவினராக்கப்பட்டனர். முதற்பிரிவினருக்குப் பாரத்தை அளவாகக் கையாளும் அறிவுரையும் பயிற்சியும் அளிக்கப்பட்டன. இரண்டாம் பிரிவினருக்கு ஸ்டெரொயிட் ஊசி போடப்பட்டது. மூன்றாம் பிரிவினர் பொறுத்திருந்து பார்த்தனர். எட்டு வாரங்களின்பின் நன்கு தேறியதாகக் கூறியவர், முதற்பிரிவில் நூற்றுக்கு 77 பேர். ஊசி போட்டவரில் ஏறத்தாழ 58 பேர். பொறுத்திருந்தவரில் 29 பேர். ஓராண்டின்பின்னும் பயிற்சி செய்தவரே முன்னின்றனர். ஊசி தற்காலிகத் துணையாகலாம். தசைக்கு வலுவைத் தருவது பயிற்சியே.

அப்பயிற்சி பெரும் செலவுள்ளதன்று. முதலாவது, முதுகு தரையிற் படும்படி படுத்து, முழங்கால்களை மடித்துப் பாதங்களை ஊன்றிப் பிட்டத்தை மெல்ல உயர்த்தி, சில விநாடிகள் நிறுத்தி, மெல்ல இறக்குதல். இரண்டாவது, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக மீண்டும் அமர்தல். மூன்றாவது, வாசற்படியின் ஒரு படியில், இடுப்பு ஒருபக்கம் சரியாதபடி, ஏறி இறங்குதல். நான்காவது, முழங்கால்களைச் சிறிது மடித்தபடி பக்கவாட்டில் அடியெடுத்து நடத்தல். ஒவ்வொன்றையும் எட்டுப் பத்து முறை, நிதானமாகச் செய்யத் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டலாம். பயன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். இயன்மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறையேனும் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுதல் நன்று.

பயிற்சி செய்யும் அரைமணி நேரத்தைப் போலவே எஞ்சிய நேரமும் முக்கியமானது. ஒரு காலின்மேற் பாரத்தைச் சாய்த்து இடுப்பை ஒடித்து நிற்றல், கால்மேற் கால் போட்டு நெடுநேரம் அமர்தல், நோவுள்ள பக்கம் சரிந்து படுத்தல் ஆகியவை தசைநாணைப் புடைப்பின்மேல் நசுக்குகின்றன. மறுபக்கம் சரிந்து, முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணையை வைத்துப் படுத்தால் இரவு நோ பெரிதும் குறையும். நோ கடுமையாயிருக்கும் சில நாட்களுக்கு ஒரு கைத்தடியைப் பிடிப்பதில் வெட்கமில்லை. ஆனால் தடியை நோவுள்ள பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கையிலே பிடித்தல் வேண்டும். நீண்ட துலாவின் முனையைச் சிறுவன் ஒருவன் தாங்கினாலும் அச்சுலக்கையின் பாரம் பெரிதும் குறைவதுபோல, எதிர்க்கையில் ஊன்றும் சிறு விசை மூட்டின் பெரும் பாரத்தைக் குறைக்கிறது.

நோவை மறைக்கும் குளிசையை விழுங்கிவிட்டு ஓடுதல் மிகத் தீமையான பழக்கம். எச்சரிக்கை செய்யும் மணியின் நாவைக் கட்டிவிடுவதால் ஆபத்து விலகிவிடாது. இவ்வகைக் குளிசைகளை நெடுநாள் உட்கொண்டால் இரைப்பையிற் புண்ணும் சிறுநீரகத்திற்குக் கேடும் உண்டாகலாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ளவேண்டும்.

இனி, ஓட்டத்தை நிறுத்திய காலத்தில் நிறை ஏறிவிடுமே என்ற கவலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 70 கிலோகிராம் நிறையுடையவர் 5 கிலோமீற்றர் ஓடினால் ஏறத்தாழ 350 கலோரி செலவாகும். சமைக்காத அரிசி 100 கிராமில் உள்ளதும் ஏறத்தாழ அவ்வளவே. வாரத்தில் மூன்று முறை ஓடினாற் செலவாவது 1,050 கலோரி. ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமமாகையால், அவ்வளவு ஓட்டத்தினால் ஒரு மாதத்திற் குறையக்கூடியது அரைக் கிலோகிராமை ஒட்டியதே. இதற்கு மாறாக, நாளொன்றுக்கு ஐந்து முறை தேநீர் அருந்தி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி இடுபவர், அச்சீனியால் மட்டும் 160 முதல் 200 கலோரி வரை பெறுகிறார். அதனை விட்டுவிட்டால், ஓடாமலே வாரத்தில் 1,100 கலோரிக்குமேல் குறைந்துவிடும். ஓட்டம் தந்த நிறைக்குறைவை இழந்துவிட்டதாக வருந்துபவருக்கு, அவ்வளவும் தேநீர்க் கோப்பையிலேயே மீளக் கிடைக்கிறது!

எனவே நிறை குறைதலின் பெரும்பகுதி அடுக்களையில் நடைபெறுகிறது. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்திற் பாதிக்குமேற்பட்ட குறள்கள் மருந்தைப் பேசாமல் உண்ணும் முறையையே பேசுவது இங்கு நினைக்கத்தக்கது. சோற்றை ஒரு கரண்டி குறைத்து, அவ்விடத்தைக் கீரையாலும் கத்தரிக்காய், வெண்டிக்காய் போன்ற மரக்கறிகளாலும் நிரப்பலாம். பிட்டில் தேங்காய்ப்பூவைக் குறைக்கலாம். சொதிக்கு மூன்றாம் பாலே போதும். எனினும் தசை வளர்வதற்குப் புரதம் வேண்டும். மீன், முட்டை, பயறு, கடலை ஆகியவற்றைக் குறைத்தலாகாது. மாதத்தில் இரண்டு கிலோகிராமுக்கு மேற் குறைக்கும் அவசரமும் வேண்டியதில்லை. நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர், உணவைக் குறைக்குமுன் வைத்தியரிடம் கூறாவிட்டால் இரத்தச் சீனி மட்டுமீறி இறங்கும் அபாயம் உண்டு.

அப்படியாயின் ஓட்டம் வீண்தானோ எனின், அன்று. உடல் அசைவினால் வரும் நன்மை தராசு காட்டுவதைக் காட்டிலும் பெரிது. சென்னையில் வைத்தியர் அ. இராமச்சந்திரனும் அவருடன் சேர்ந்தோரும் நடத்தி 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் அதிற் பங்குபற்றினர். வழக்கம்போல் இருந்தவரில் மூன்று ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவைத் திருத்தி, நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடந்தவரில் அது 39 பேராகக் குறைந்தது. அவர்களுடைய உடல் நிறையிலோ குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படவில்லை. நிறை அசையாதபோதும் நோய் தள்ளிப்போயிற்று என்பதையும், அதற்கு ஓட்டம் வேண்டியிருக்கவில்லை, நடையே போதியதாயிற்று என்பதையும் நோவினால் மனம் தளர்ந்தவர் கவனிக்க வேண்டும்.

இடுப்பு ஆறும்வரை உடலை அசைக்கும் வழிகள் பல உள. நோவைக் கூட்டாத அளவிற்கு நடக்கலாம். அரைமணி நேரம் ஒன்றாக முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்தவருக்குப் பழகிய துவிச்சக்கர வண்டி மிகச் சிறந்த துணை. இருக்கையில் அமர்ந்திருப்பதால் மூட்டின் பாரம் குறையும். ஆனால் இருக்கை தாழ்ந்திருந்தால் தொடை வயிற்றோடு மடிந்து மூட்டை நெருக்கும். மிதி கீழே செல்லும்போது முழங்கால் சிறிதே மடிந்திருக்கும்படி இருக்கையை உயர்த்திக்கொள்ள வேண்டும். நீரில் நடத்தலும் நன்று. இடுப்பளவு நீரில் நிற்பவரின் பாரம் ஏறத்தாழப் பாதியாகும். நெஞ்சளவு நீரில் மூன்றிலொரு பங்கை ஒட்டியே எஞ்சும். கீரிமலைக் கேணியில் நீராடுதல் நோய் தீர்க்கும் என்று முன்னோர் நம்பினர். நோவுள்ள மூட்டு நீரில் இலகுவாக அசைவதற்கு இயற்கை விதியே காரணமாகிறது. காரைநகரின் கசூரினாக் கடற்கரை போன்ற ஆழமற்ற, அலை குறைந்த இடத்தில், துணையோடு இறங்கி நடந்து பயன் பெறலாம்.

மீண்டும் ஓடத் தொடங்குவது எப்போது? அரைமணி நேரம் விரைந்து நடந்தும் நோ தோன்றாமலும், நோவுள்ள காலில் தனித்து நின்று இடுப்புச் சரியாமலும் இருக்குமாயின் தொடங்கலாம். எலும்பில் வெடிப்பு இருந்தவர் மட்டும் வைத்தியரின் அனுமதி பெற்றே தொடங்க வேண்டும். முதல் வாரத்தில் ஒரு நிமிடம் ஓடி, மூன்று நிமிடம் நடந்து, அதனை ஐந்தாறு முறை செய்தல் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்வது நன்று. வாரந்தோறும் ஓடும் நேரத்தைச் சிறிது கூட்டி, நடக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு செல்லலாம். எட்டி எட்டிக் கால் வைக்காமல், அடியின் நீளத்தைக் குறைத்து அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் இடுப்பின் பாரம் குறையும். தார் வீதியின் ஓரம் சரிந்திருப்பதால் எப்போதும் ஒரே பக்கமாக ஓடுபவரின் இடுப்பும் ஒரே பக்கம் சரியும். சமமான மைதானமோ தோட்டத்து ஒழுங்கையோ மேலானது.

அளவை அறிவதற்கு ஓர் எளிய விதி உண்டு. நோவே இல்லாமைக்குச் சுழியமும், தாங்கமுடியாத நோவுக்குப் பத்தும் இலக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஓடும்போது மூன்றுக்கு மேற்படாத நோவும், மறுநாட் காலையில் முன்பிருந்த நிலைக்கே திரும்பிவிடும் நோவும் பொறுக்கத்தக்கவை. மறுநாளும் நீடிக்குமாயின் முதல்நாள் ஓட்டம் மிகுதி என்று அறிந்து, ஒரு படி இறங்கிக்கொள்ள வேண்டும். ஒரு படி இறங்குதல் தோல்வியாகாது.

ஓடினால் இடுப்புத் தேய்ந்துவிடும் என்ற அச்சமும் பலருக்கு உண்டு. 2017ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, பொழுதுபோக்காக ஓடுபவரில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவானவரிடத்திலேயே இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு காணப்பட்டது. ஓடாதவரில் அது பத்துப் பேர் அளவிலும், போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடியவரில் பதின்மூன்று பேர் அளவிலும் இருந்தது. மிதமாக ஓடுபவர் பலர் இயல்பாகவே நிறை குறைந்தவராயிருத்தல் போன்ற காரணங்களும் இதிற் சேர்ந்திருக்கலாம். எனினும் மிதமான ஓட்டம் மூட்டுக்குப் பகையன்று என்று கொள்ள இது போதும். ஏற்கெனவே தேய்ந்த மூட்டு உடையவர் ஓட்டத்தை விட்டு நடையையும் துவிச்சக்கர வண்டியையும் வாழ்நாள் துணையாகக் கொள்ளுதல் அறிவுடைமை. தேய்வு முற்றி நடமாட முடியாதவருக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. இங்கிலாந்தின் ரைற்றிங்ரன் வைத்தியசாலையில் ஜோன் சாண்லி 1962ஆம் ஆண்டு முதல் செம்மைப்படுத்திய செயற்கை இடுப்பு மூட்டுச் சிகிச்சை, இன்று உலகெங்கும் எண்ணற்றவரை எழுந்து நடக்கச் செய்கிறது.

நோ வந்த இடத்தை அறிதல், அபாயக் குறியைக் கண்டால் வைத்தியரை நாடுதல், உணவின் அளவைத் திருத்துதல், தசைக்கு வலுவூட்டுதல், நடையிலிருந்து ஓட்டத்திற்குப் படிப்படியாக ஏறுதல் ஆகிய இவ்வைந்தையும் ஒழுங்காகக் கைக்கொள்பவர் நாரி நோவினால் உடல்நலத்தை இழக்க வேண்டியதில்லை. ஓட்டம் சில மாதங்கள் தடைப்பட்டாலும், எந்த நலத்தை நாடி ஓடத் தொடங்கினாரோ அந்த நலத்தை நடந்தேனும் அவர் அடைந்துவிடலாம்.